'நாம்' என்பது யார்? மின்சாரம், சாம்பல், பொறுப்பு

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் பெயரிலான சொற்பொழிவு என்றதும் பௌத்தம் பற்றியோ பூர்வகுடி வரலாறு பற்றியோ பேசுவேன் என்று மன்றத் தோழர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் இன்று மின்சாரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது எரிந்து முடிந்தபின் மிஞ்சும் சாம்பலைப் பற்றியும் பேசப் போகிறேன். இதற்கும் பண்டிதருக்கும் என்ன தொடர்பு என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசுப் பள்ளியில் கட்டுரைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்பது தலைப்பு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். நாம் அளவுக்கு மீறி ஏசி போடுகிறோம், நாம் காரில் ஊர் சுற்றுகிறோம், நாம் மின்சாரத்தை வீணாக்குகிறோம், அதனால்தான் பூமி சூடாகிறது, இந்தக் குற்றத்தில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று முடித்திருந்தாள். முதல் பரிசு அவளுக்குத்தான். பரிசைக் கொடுத்துவிட்டு, "வீடு எங்கம்மா?" என்று கேட்டேன். கால்வாய்க் கரையில் குடிசை என்றாள். ஒரு பல்பு, ஒரு ஃபேன். "கார்ல போயிருக்கியா?" என்றேன். சிரித்துவிட்டு, "இல்ல மிஸ், ஷேர் ஆட்டோதான்" என்றாள்.

அந்தக் கட்டுரையில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஒரே ஒரு சொல்தான் எனக்கு உறுத்தியது. 'நாம்' என்ற சொல். தான் செய்யாத காரியத்துக்கு அந்தக் குழந்தை தானே முன்வந்து கையெழுத்துப் போட்டிருந்தாள். அப்படிப் போட அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நம் பாடப்புத்தகமும் சுவரொட்டிகளும் நல்லெண்ணம் கொண்ட நம்மைப் போன்ற பேச்சாளர்களும்தான்.

இங்கேதான் பண்டிதர் வருகிறார். 1907இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், நமக்கு விட்டுச்சென்றவற்றில் ஒரு முறையியலும் இருக்கிறது. புழக்கத்தில் உள்ள சொல்லை எடுத்து, இதற்கு இந்தப் பொருளை யார் கொடுத்தார்கள், எதை மறைக்கக் கொடுத்தார்கள் என்று கேட்பது அது. பிராமணர் என்ற ஒரே சொல்லை யதார்த்த பிராமணர், வேஷ பிராமணர் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியவர் அவர். அவருடைய முடிவுகளோடு நாம் உடன்படலாம், மாறுபடலாம். அந்தக் கேள்வி இன்றும் கூர்மையாக இருக்கிறது. சூழலியல் பேச்சில் வரும் 'நாம்' யதார்த்த நாமா, வேஷ நாமா? இன்றைய என் பேச்சு முழுவதும் இந்தக் கேள்விதான்.

முதலில் ஒரு சின்ன வீட்டுக் கணக்கு. ஒன்றரை டன் ஏசி ஒரு ராத்திரி முழுக்க ஓடினால் சுமார் 10 யூனிட் மின்சாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருவதாக இருந்தால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் வீதம் 7 கிலோ நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். எரிந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பலாக மிஞ்சும். அதாவது ஒரு அறை, ஒரு ராத்திரி, இரண்டு கிலோவுக்கு மேல் சாம்பல். அதே 10 யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைத் தினமும் 6 மணி நேரம் வீதம் ஆறு மாதம் எரிக்கலாம். அந்தக் கால்வாய்க் கரைக் குடிசையின் அரை வருட வெளிச்சம், இன்னொரு வீட்டின் ஒரு ராத்திரித் தூக்கம்.

அந்த இரண்டு கிலோ சாம்பல் எங்கே போகிறது? ஏசி போட்டுத் தூங்கியவரின் வாசலில் யாரும் அதைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. கொட்டினால் மறுநாளே இந்த நாட்டின் எரிசக்திக் கொள்கை மாறிவிடும்.

சென்னைக்காரர்கள் இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. வடக்கே எண்ணூருக்குப் போனால் போதும். 1970இல் அங்கே அனல்மின் நிலையம் வந்தது. 2017இல் அது மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூரில் 1500 மெகாவாட் நிலையம் என்று அடுத்தடுத்து எழுந்துவிட்டன. 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமே முதலில் மின்சார வாரியத்துக்கான நிலக்கரியை இறக்குவதற்காகக் கட்டப்பட்டதுதான். ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டிய கரி பாரதீப் துறைமுகம் வழியாகக் கடலில் வந்து இங்கே இறங்குகிறது. அங்கே ஒரு மக்கள் நிலத்தை இழந்து கரி வருகிறது. இங்கே ஒரு மக்கள் ஆற்றை இழந்து சாம்பல் தங்குகிறது. நடுவில் வெளிச்சம் மட்டும் நகரத்துக்குப் போகிறது.

சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். செப்பாக்கம் என்ற ஊர் அந்தக் குளத்தை ஒட்டியே இருக்கிறது. குழாயில் கசிவு ஏற்பட்டால் குழம்பு கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் இறங்குகிறது. இது வெறும் தூசியும் இல்லை. பாதரசம், ஆர்சனிக், ஈயம் போன்றவை சிறு அளவில் சாம்பலில் கலந்திருக்கின்றன. மீனவ மக்கள் இதற்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் போராடியிருக்கிறார்கள்.

எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்களோடு இருளர் மக்களும் தொழில் செய்கிறார்கள். வலையும் படகும் இல்லாமல், சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். ஒரு முறை அங்கே போனபோது வயதான ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "முன்னாடி தடவுனா சேறு வரும்மா. இப்ப மாவு மாதிரி வருது. மாவுல எறா எங்க இருக்கும்?" என்றார். அப்படியானால் கரண்ட் கம்பெனியை மூடச் சொல்லலாமா என்று, சூழலியல் படித்தவள் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "எம் மருமவன் அங்கதான் காண்ட்ராக்ட்ல போறான். மூடுன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? கொழாய ஒழுங்கா போடச் சொல்லு. எங்கள வச்சிகினு பேசச் சொல்லு" என்றார்.

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அதற்குள் இருப்பது என்ன என்று புரிய எனக்கு அண்ணல் அம்பேத்கரிடம் போக வேண்டியிருந்தது.

அம்பேத்கரைச் சட்ட மேதையாக நமக்குத் தெரியும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் நீர்ப்பாசனமும் அவர் பொறுப்பில் இருந்தன என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1943 அக்டோபரில் டெல்லியில் கூடிய மின்சாரக் கொள்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கி அவர் பேசியது மிக முக்கியமானது. மலிவான, தாராளமான மின்சாரம் வேண்டும், அது இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் மக்களை வறுமைச் சுழலிலிருந்து மீட்க முடியாது என்பது அவர் வாதம். இயந்திரத்தைச் சபித்தவர்களோடு அவர் சேரவில்லை. உழைத்து உழைத்து மாடாகிப் போனவனுக்கு ஓய்வையும் படிப்பையும் தரக்கூடியது இயந்திரம் என்று அவர் நம்பினார்.

மின்சாரம் எங்களுக்கு என்ன என்பதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் ஊரில் கம்பம் ஊர்த்தெருவின் கடைசி வீட்டோடு நின்றுவிட்டது. சேரிக்கு வர மேலும் சில வருடம் பிடித்தது. அரசின் பழைய மின்மயமாக்கல் கணக்குகளைப் புரட்டிப் பாருங்கள். மின்வசதி பெற்ற கிராமங்கள் ஒரு வரியில் இருக்கும், ஆதிதிராவிடர் காலனிகள் தனி வரியில் இருக்கும். கிராமத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது என்றால் சேரிக்கு வந்துவிட்டது என்று பொருள் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்ட கணக்கு அது. எங்கள் வீட்டில் முதல் பல்பு எரிந்த ராத்திரி, அம்மா அதன் கீழே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினார். அந்த வெளிச்சத்தில்தான் நான் படித்தேன். அதனால் மின்சாரம் வேண்டாம், பழைய வாழ்க்கைக்குத் திரும்புவோம் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு உடம்பு கூசும். அந்தப் பழைய வாழ்க்கையில் விறகு சுமந்தது யார், தண்ணீர் இறைத்தது யார், மலம் அள்ளியது யார் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே எண்ணூர் அம்மாவின் பதிலும் அண்ணலின் உரையும் எனக்கு ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. மின்சாரம் வேண்டும். அதன் சாம்பலை எங்கள் தலையில் கொட்டக் கூடாது. எதைக் கட்டுவது, எதை மூடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் நாங்களும் உட்கார வேண்டும்.

இனி 'பொதுவான பொறுப்பு' என்ற சொல்லுக்கு வருகிறேன். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துக்கு அம்பேத்கர் மக்களோடு நடந்து போய்த் தண்ணீர் குடித்தார். அந்தக் குளத்தை எல்லோருக்கும் பொது என்று நகராட்சி அதற்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தது. தாளில் பொதுவாக இருந்த குளம் கரையில் பொதுவாக இல்லை. பொது என்ற சொல்லை எழுதிவிடுவதால் எதுவும் பொதுவாகிவிடாது என்று நமக்கு மகாட் கற்றுக்கொடுத்தது. குளம் பொதுவாக இல்லாதபோது, கம்பம் பொதுவாக இல்லாதபோது, குற்றம் மட்டும் எப்படிப் பொதுவாகும்?

இந்தக் கேள்வியை உலக அரங்கில் இந்தியா கேட்டிருக்கிறது, சரியாகவே கேட்டிருக்கிறது. 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய சிறு நூல் ஒன்று, ஏழை உழவனின் நெல்வயலிலிருந்து வரும் வாயுவையும் பணக்கார நாட்டுக் காரிலிருந்து வரும் புகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதே என்றது. பிழைப்புக்கான உமிழ்வு வேறு, ஆடம்பரத்துக்கான உமிழ்வு வேறு என்றது. அடுத்த ஆண்டு ரியோ புவி மாநாட்டில், 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்ற கோட்பாட்டை உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. பூமி எல்லோருக்கும் பொது, அதைக் காக்கும் கடமையும் பொது. ஆனால் அதிகம் கெடுத்தவன் அதிகம் சுமக்க வேண்டும். இன்றும் ஓர் இந்தியரின் சராசரி கரியமில வாயு உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 டன். ஓர் அமெரிக்கருடையது சுமார் 14 டன்.

என் கேள்வி இதுதான். எல்லைக்கு வெளியே பேசும்போது இவ்வளவு தெளிவாக இருக்கும் இந்தக் கோட்பாடு எல்லைக்குள் வரும்போது ஏன் காணாமல் போகிறது? அந்த 2 டன் சராசரிக்குள் குளிரூட்டிய பல மாடி வீடும் இருக்கிறது, ஒற்றைப் பல்புக் குடிசையும் இருக்கிறது. குடிசை குறைவாக எரிப்பதால்தான் சராசரி குறைகிறது. வெளியே பேசும்போது குடிசையைக் காட்டி நியாயம் கேட்கிறோம். உள்ளே வந்ததும் குடிசைக்கும் மாடிக்கும் சேர்த்து 'நாம் அனைவரும்' என்று சுவரொட்டி அடிக்கிறோம். ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள் என்று கிரீன்பீஸ் இந்தியா 2007இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. அந்த ஏழைகளில் பெரும்பகுதியினர் யார் என்பதற்குச் சாதியின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது நம் வேலை.

சமூகவியல் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உல்ரிச் பெக்கை உங்களுக்குப் பாடமாக வைத்திருப்பார்கள். நவீன அபாயங்கள் வர்க்கம் பார்க்காமல் எல்லோரையும் தொடும் என்ற கருத்தை 1986இல் ஜெர்மனியிலிருந்து எழுதினார். அணுக்கதிருக்கோ புகைமூட்டத்துக்கோ அது ஓரளவு பொருந்தலாம். சாம்பல் குளத்துக்குப் பொருந்தாது. அது எங்கே தோண்டப்படும் என்பதை ஒரு வரைபடம் தீர்மானிக்கிறது. நம் ஊர் வரைபடத்தில் கழிவு போகும் திசை ரொம்பக் காலத்துக்கு முன்பே வரையப்பட்டுவிட்டது.

நிலம் எடுக்கும்போதும் இதே கதைதான். 1956இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து சுரங்கத்துக்காக ஊர் ஊராக நிலம் எடுக்கப்பட்டது. பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீட்டுப் பேச்சாவது இருந்தது. அந்த நிலத்தில் தலைமுறையாக நாற்று நட்டவருக்கு எந்தத் தாளில் பெயர் இருந்தது? நிலமற்ற விவசாயக் கூலிகளும் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரே என்று சட்டத்தில் எழுத 2013 வரை ஆனது. நாளைக்குச் சூரிய ஒளி வரும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். வரட்டும், வர வேண்டும். ஆனால் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரியப் பூங்காவுக்கும் சுமார் 2500 ஏக்கர் தேவைப்பட்டது. சூரியனுக்குச் சாதி கிடையாது. நிலத்துக்கு உண்டு. மேய்ச்சல் நிலமும் புறம்போக்கும் தகடுகளுக்கு அடியில் போகும்போது, ஆடு மேய்த்தவரும் களை பறித்தவரும் எங்கே போவார்கள் என்பதை இப்போதே கேட்டாக வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இங்கே நிறுத்தினால் உங்களுக்குக் கைதட்டுவது எளிது. நமக்குப் பொறுப்பு இல்லை, அவர்களுக்குத்தான் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அது நேர்மையாக இருக்காது.

என் வீட்டில் ஏசி இருக்கிறது. இரண்டு கோடைக்கு முன் அம்மாவுக்காக வாங்கினேன். வாழ்நாள் முழுக்க வெயிலில் களை எடுத்த உடம்பு. எழுபது வயதில் ராத்திரி வெக்கை தாங்காமல் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துக் கிடந்தார். இப்போது தூங்குகிறார். அந்த ஏசியை அணைக்கச் சொல்ல என்னால் முடியாது. எவருக்கும் அந்த உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஏசியின் இரண்டு கிலோ சாம்பல் எண்ணூர் அம்மாவின் கைக்கு அடியில் போய்ச் சேர்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஒருவர் என் அம்மா, இன்னொருவரும் என் அம்மா மாதிரிதான். என் அம்மாவின் உரிமையைச் சொல்லி அந்த அம்மாவின் இழப்பை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் விளக்கினார். ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவர் இருப்பதால்தான் அமைப்பு உடையாமல் நிற்கிறது. எரிசக்தியும் இன்று அப்படி ஒரு ஏணியாகியிருக்கிறது. படித்து, வேலைக்குப் போய், இரண்டு படி ஏறிய என்னைப் போன்றவர்கள் மேலே பார்த்து அநீதி என்று கத்துகிறோம். கீழே பார்க்க மறக்கிறோம். மேலே இருப்பவருக்கும் எனக்கும் ஒரே அளவுப் பொறுப்பு என்று நான் ஏற்க மாட்டேன். எனக்குப் பொறுப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஏறிய படிக்கு ஏற்ற பொறுப்பு எனக்கு உண்டு.

அந்தப் பொறுப்பை எப்படிச் செய்வது? எனக்குத் தோன்றும் மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, கணக்குக் கேட்பது. எந்த நிலையத்தில் எவ்வளவு சாம்பல், எங்கே போனது, எந்த ஊரின் காற்றும் தண்ணீரும் எப்படி இருக்கின்றன என்ற விவரம் அந்த ஊர் மக்களுக்குத் தமிழில் தெரிய வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து நம் கையில் இருக்கிறது. மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இதைச் செய்யலாம்.

இரண்டு, வரிசையை மாற்றுவது. குறைக்க வேண்டும் என்றால் முதலில் அதிகம் எரிப்பவர் குறைக்கட்டும். அதிகம் எரிப்பவர் அதிகக் கட்டணம் கட்டட்டும். அந்தப் பணம் சாம்பலை அள்ளவும் ஆற்றை மீட்கவும் போகட்டும். குடிசையின் பல்பும் ஃபேனும் இந்த வரிசையில் கடைசி. நிலையங்கள் மூடப்படும் நாள் வந்தால், காண்ட்ராக்ட் தொழிலாளியின் மாற்று வேலைக்கு முதலில் ஏற்பாடு செய்துவிட்டு மூடட்டும்.

மூன்று, உட்காரும் இடம். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குப் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அந்தக் கூட்டங்களில் முன்வரிசையில் யார் உட்காருகிறார்கள், மைக் யார் கைக்குப் போகிறது, சேரிக்குத் தண்டோரா போட்டார்களா என்று போய்ப் பாருங்கள். தலித் இயக்கங்கள் இதைச் சூழலியல்காரர்களின் வேலை என்று விட்டுவிட்டோம். சூழலியல் இயக்கங்கள் சாதியை நம்முடைய வேலை என்று விட்டுவிட்டன. இரண்டு பேரும் விட்ட இடத்தில்தான் சாம்பல் குளம் இருக்கிறது.

யதார்த்த நாம் என்பது பிறந்தவுடன் கிடைப்பதில்லை. பலனில் பங்கு, முடிவில் பங்கு, அதற்குப் பிறகுதான் பழியில் பங்கு. இந்த வரிசையில் கட்டப்படும் 'நாம்' வந்தால் அதில் நானும் கையெழுத்துப் போடுவேன். பழியில் மட்டும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' வேஷ நாம்.

அந்தப் பள்ளி மாணவிக்கு இப்போது கல்லூரி வயது இருக்கும். அன்றைக்கு அவளுக்குப் பரிசைக் கொடுத்துவிட்டு, உன் கட்டுரையில் 'நாம்' என்று எழுதிய இடமெல்லாம் யார் என்று ஒரு முறை யோசித்துப் பார் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். நடுவராக இருந்த எனக்கே அன்று அந்தத் தெளிவு இல்லை. அவளிடம் சொல்லத் தவறியதைத்தான் இன்று உங்களிடம் சொன்னேன். உங்களில் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள், எழுதுவீர்கள், கூட்டம் போடுவீர்கள். அவளைப் போன்ற ஒரு பெண்ணின் கட்டுரை உங்கள் கைக்கும் வரும். அன்றைக்கு அவளைக் கேளுங்கள்.